பழைய மோட்டாரும் புதிய மின்சாரச் சுமையும்

கோலாலம்பூர் 1974 ஆம் ஆண்டு பிப்ரவரி 1 ஆம் தேதி சிலாங்கூர் மாநிலத்தினின்று பிரிந்து கூட்டரசுப் பிரதேசம் ஆவதற்கு முன்பு, இந்நகரில் பதிவு பெற்ற தனியார் மோட்டார் வண்டிகள் சிலாங்கூருக்கு உரிய ‘பி’ என்னும் எழுத்தையே தம் இலக்கத் தகட்டில் முதலாகத் தாங்கி நின்றன. அந்த எழுத்தைத் தாங்கிய ஒரு மோரிஸ் மைனரோ, ஆஸ்டினோ பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனில் பூக்கடைகளுக்கும் துணிக்கடைகளுக்கும் இடையே மெல்ல ஊர்ந்து செல்வதையும், கிள்ளான் தெங்கு கிளானா வீதியில் தீபாவளிக் காலத்து ஜனத்திரளின் நடுவே வழி பார்த்து நிற்பதையும் இன்றைக்கும் எப்போதாவது காண முடிகிறது. தந்தையார் காலத்து வண்டியை விற்றுவிட மனமின்றி, துருவோடும் கிடைப்பதற்கு அரிதான உதிரிப்பாகங்களோடும் போராடி அதனைப் பேணி வருகிறவர்களிடத்தில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் அத்தகைய வண்டி ஒன்றின் கதவைத் திறந்து, முன்பலகைக்கு அடியில் குனிந்து நோக்கினால், பெரும்பாலும் மனத்தில் கவலையே பிறக்கிறது. கைத்தொலைபேசிக்கு மின்னூட்டும் சாதனம், சாலையைப் படம் பிடிக்கும் காமிரா, வானொலிப் பெட்டி, வெக்கைக்கு ஒரு விசிறி, மழைக்கு ஒரு ஜதை மஞ்சள் விளக்கு, சில வண்டிகளில் குளிர்சாதனத்தின் ஊதுவிசிறி என்று பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட யாவற்றின் வயர்களும் ஒரே இடத்தில், அதாவது இக்னிஷன் சுவிட்சின் முதுகுப்புறத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக முறுக்கப்பட்டுக் கறுப்பு நாடாவால் சுற்றப்பட்டிருக்கும்.

இவ்விதம் செய்வதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. சாவியைத் திருகினால்தான் அங்கே மின்சாரம் வருகிறது. சாவியை எடுத்துவிட்டால் நின்றுவிடுகிறது. ஆகவே விசிறியை நிறுத்த மறந்து வீட்டுக்குள் போனாலும் காலையில் பாட்டரி வற்றிக் கிடக்காது. கைக்கு எட்டுகிற இடம் வேறு. விரும்பத்தக்க ஒரு பலனை எளிய வழியில் அடையலாம் என்னும் எண்ணமே இதற்கு மூலம். சாவியை அனுசரித்தே துணைச் சாதனங்கள் இயங்க வேண்டும் என்னும் அந்த நோக்கம் முற்றிலும் சரியானது; அந்தச் சாதனங்களுக்குரிய மின்சாரம் முழுவதையும் சாவிக்குப் பின்னுள்ள இரண்டு சிறு உலோகத் துண்டுகளின் வழியே ஓடவிடுவதுதான் தவறு. சுவிட்ச் இசைவு தரலாம், சுமையைச் சுமக்கலாகாது என்பதே இக்கட்டுரையில் நான் விளக்க விரும்பும் விஷயம்.

வண்டியை ஆக்கியவர்கள் என்ன கணக்கிட்டார்கள் என்பதை முதலில் அறிதல் வேண்டும். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மோரிஸ் மைனர் 1948 ஆம் ஆண்டு லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளியிடப்பட்டு, 1970களின் தொடக்கம் வரை பதினாறு லட்சத்துக்குக் குறையாத எண்ணிக்கையில் உற்பத்தியாகி, பல தேசங்களுக்கும் சென்றது, மலாயாவுக்கும் வந்தது. அதன் மின்சார உறுப்புக்கள் அக்காலத்துப் பெரும்பாலான ஆங்கில வண்டிகளுக்குப் போலவே பர்மிங்ஹாம் நகரத்து லூகாஸ் கம்பெனியாரால் செய்யப்பட்டவை. அந்த வண்டியில் இக்னிஷன் சுவிட்ச் தாங்க வேண்டியிருந்த சுமை மிகச் சிறிது. எரிபொறி உண்டாக்கும் காயிலுக்கு ஏறத்தாழ 4 ஆம்பியர். மழைத் துடைப்பானுக்கு இரண்டு அல்லது மூன்று. பெட்ரோல் அளவு காட்டும் முள்ளுக்கு மிகச் சொற்பம். பிரேக் விளக்கும் திருப்பு விளக்கும் சில கணங்களுக்கு மட்டும். முன்விளக்குகள் கூட அதன் வழியே வருவதில்லை. அவற்றுக்குத் தனி சுவிட்ச் உண்டு. தொடக்ககால மைனரில் எஞ்சினைச் சுழற்றும் ஸ்டார்ட்டரும் சாவியோடு சேர்ந்ததன்று. அதை இழுப்பதற்கு வேறொரு குமிழ் இருந்தது. ஆக, கட்டை விரல் அளவுள்ள அந்தச் சுவிட்ச் சிறிய வேலைக்கென்றே சிறியதாகச் செய்யப்பட்டது.

அந்தக் காலத்து ஆங்கில வண்டிகளின் வயர்களில் வண்ணங்களுக்கு ஒரு நியதி உண்டு. அதனை அறிந்தவருக்கு முன்பலகையின் அடியிலுள்ள சிக்கல் தெளிவான நூல் போல் வாசிக்கக் கிடைக்கும். பழுப்பு நிறம் பாட்டரியிலிருந்து எப்போதும் உயிரோடு வருவது. வெள்ளை, சாவியைத் திருகிய பின் உயிர் பெறுவது. அந்த வெள்ளை ஒரு ஃபியூஸைக் கடந்து வெளியே வரும்போது பச்சையாகிறது. பழுப்பு ஒரு ஃபியூஸைக் கடந்தால் ஊதா. நீலம் முன்விளக்குக்கு, சிவப்பு பக்க விளக்குக்கும் பின் விளக்குக்கும், கறுப்பு மண்ணுக்கு, அதாவது வண்டியின் உடலோடு சேருவதற்கு. இந்த வரிசையில் வாசகர்கள் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பச்சைக்கும் ஊதாவுக்கும் ஃபியூஸின் பாதுகாப்பு உண்டு; பழுப்புக்கும் வெள்ளைக்கும் இல்லை. இக்னிஷன் சுவிட்சுக்கு வரும் வயரிலும், அங்கிருந்து காயிலுக்குப் போகும் வயரிலும் எந்த ஃபியூஸும் கிடையாது. ஒரு ஃபியூஸ் போனதால் நெடுஞ்சாலையில் எஞ்சின் நின்றுவிடக்கூடாது என்று எண்ணியே அவ்வாறு அமைத்தார்கள் போலும். வெள்ளை வயரில் முறுக்கிச் சேர்க்கப்பட்ட மலிவான ஒரு மின்னூட்டியின் வயர், ஆசனத்தின் இரும்புச் சட்டத்தில் உராய்ந்து தோலுரிந்து உடலைத் தொட்டுவிடுமாயின், பாட்டரியின் முழு வலிமையும் தடுப்பார் இன்றி அந்த வழியே பாயும். அந்த வயர் மட்டுமல்லாமல் அதனோடு ஒரே கட்டாகக் கட்டப்பட்ட பழுப்பும் வெள்ளையும் பச்சையும் சேர்ந்தே சில விநாடிகளில் புகைந்து உருகிவிடும்.

இப்படி ஒரு குறுக்கிணைப்பு நேராமலே, எல்லாம் ஒழுங்காக இயங்கிக்கொண்டிருக்கும்போதே நேரும் சேதம் இதனினும் கவனிக்கத்தக்கது. ஏனெனில் அது கண்ணுக்குத் தெரியாது. சுவிட்சினுள் இரண்டு உலோக முகங்கள் ஒன்றையொன்று அழுத்தித் தொடுகின்றன. வெறும் கண்ணுக்கு அவை முழுப்பரப்பும் ஒட்டிக்கொண்டிருப்பதாகத் தோன்றினும், உண்மையில் அவை சில நுண்ணிய மேடுகளில் மட்டுமே தொடுகின்றன. மின்சாரம் முழுவதும் அந்த மேடுகளின் வழியே நெருக்கியடித்துச் செல்கிறது. புதிதாக இருக்கும்போது இந்தத் தொடுமுகத்தின் தடை ஓர் ஓமில் ஆயிரத்தில் சில பங்கு. ஐம்பது அறுபது வருஷங்கள் திருகித் திருகித் தேய்ந்தும், நமது ஊர் ஈரக்காற்றில் கறுத்தும் போன பின் அது பன்மடங்கு உயர்கிறது. ஓர் உதாரணமாக 0.08 ஓம் என்று கொள்வோம். காயிலின் 4 ஆம்பியர் மட்டும் அதன் வழியே ஓடினால் அங்கே இழக்கப்படும் அழுத்தம் 0.32 வோல்ட், உண்டாகும் உஷ்ணம் 1.3 வாட்டுக்கும் குறைவு. அதைச் சுவிட்ச் பல ஆண்டுகளுக்குத் தாங்கும். விசிறி, விளக்கு, வானொலி என்று இன்னும் 11 ஆம்பியரைச் சேர்த்து மொத்தம் 15 ஆக்கினோமானால், இழக்கப்படும் அழுத்தம் 1.2 வோல்ட், உஷ்ணமோ 18 வாட். மின்சாரம் நான்கு மடங்குகூட ஆகவில்லை. உஷ்ணம் பதினான்கு மடங்காகிவிட்டது. உஷ்ணம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும் என்று பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜூல் 1840களில் நிறுவிய விதி இங்கே தன் வேலையைச் செய்கிறது. ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சிறிய மின்சாரக் கோல்களின் திறன் 25 வாட் என்பதை நினைத்துப் பார்த்தால், காற்றோட்டமில்லாத ஒரு சிறு கூட்டுக்குள் 18 வாட் உஷ்ணம் மணிக்கணக்காகத் தங்குவது என்ன செய்யும் என்று விளங்கும். ஸ்பிரிங் தன் விறைப்பை இழக்கிறது, அழுத்தம் தளர்கிறது, தளர்ந்ததால் தடை கூடுகிறது, தடை கூடியதால் உஷ்ணம் மேலும் கூடுகிறது. தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் இந்தக் கேடு, இறுதியில் சுவிட்சின் அடிப்பாகத்தைக் கருக்கிவிட்டே ஓய்கிறது.

அவ்வளவு தூரம் போகுமுன்பே எஞ்சின் அதனைச் சொல்லத் தொடங்கும். ஆனால் அதன் பாஷை பெரும்பாலோருக்குப் புரிவதில்லை. காயிலில் சேர்த்து வைக்கப்படும் சக்தி, அதில் ஓடும் மின்சாரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. சுவிட்சில் 1.2 வோல்ட் இழக்கப்பட்டு, 12 வோல்ட்டுக்குப் பதில் 10.8 மட்டும் காயிலைச் சேருமானால், மின்சாரம் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. பொறியின் சக்தியோ கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. இரவு வேளையில் விளக்கும் விசிறியும் துடைப்பானும் சேர்ந்து இயங்குகையில் எஞ்சின் விக்குகிறது. மேட்டில் ஏறத் திணறுகிறது. காலையில் யாவும் நின்றிருக்கும்போது சாதுவாக ஓடுகிறது. உரிமையாளர் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்கிறார்; பிளக்குகளை மாற்றுகிறார்; பெட்ரோலில் நீர் கலந்துவிட்டது என்கிறார். எவரும் சாவியைச் சந்தேகிப்பதில்லை. பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்று சமாதானம் கொள்வோரும் உண்டு. வண்டி பழையதாக இருப்பது இதற்குக் காரணமன்று. அதன்மேல் ஏற்றப்பட்ட சுமையே காரணம். இதனைக் கண்டுபிடிப்பது கடினமும் அன்று. சாதாரண வோல்ட்மீட்டர் ஒன்றை எடுத்து, எஞ்சின் ஓடுகையில், எல்லாச் சாதனங்களையும் இயக்கிவிட்டு, சுவிட்சின் பழுப்பு முனைக்கும் வெள்ளை முனைக்கும் இடையே அளந்து பார்த்தால் போதும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டுமாயின், குற்றவாளி அகப்பட்டுவிட்டான்.

சுவிட்சைப் பெரிதாகச் செய்துவிட்டால் தொல்லை தீர்ந்துவிடாதா என்று கேட்கலாம். சுவிட்சை மாற்றுவது மட்டுமே தொல்லையைத் தீர்த்துவிடும் என்று சொல்வதற்கில்லை; பெரிய கம்பெனிகளே இவ்விஷயத்தில் இடறியிருக்கின்றன. 1996 ஆம் ஆண்டு ஃபோர்ட் கம்பெனியார் வட அமெரிக்காவில் எண்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்து, இக்னிஷன் சுவிட்சை மாற்றிக் கொடுக்க நேர்ந்தது. 1988 முதல் 1993 வரை உற்பத்தியான அந்த வண்டிகளில் சுவிட்சினுள் குறுக்கிணைப்பு உண்டாகிப் புகையும் நெருப்பும் எழக்கூடும் என்பதே காரணம். நிபுணர்கள் நிறைந்த ஒரு ஸ்தாபனம் புதிதாகச் செய்த சுவிட்சுக்கே அந்தக் கதி என்றால், அரை நூற்றாண்டு வயதான சுவிட்சின்மேல் அதன் படைப்பாளர் கனவிலும் கருதாத சுமையை ஏற்றுவது எவ்வளவு துணிச்சல்!

பரிகாரம் மிகப் பழையது. மோட்டார் வண்டியினும் பழையது. 1830களில், தந்தி விஞ்ஞானம் பிறந்துகொண்டிருந்த நாட்களில், அமெரிக்கப் பேராசிரியர் ஜோசப் ஹென்றி ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். நெடுந்தூரம் ஓடிக் களைத்து வந்த மெலிந்த மின்சாரம் வேலை செய்ய வல்லதன்று. ஆயினும் ஒரு மின்காந்தத்தைச் சற்றே உயிர்ப்பித்து, ஓர் இரும்பு நாக்கை அசைத்து, அருகிலுள்ள வேறொரு பாட்டரியின் பலத்த மின்சாரத்துக்கு வழி திறந்துவிட அதற்கு வலிமை போதும். அந்த அமைப்புத்தான் ரிலே. தந்திக் கம்பிகளிலும், பின்பு இரயில்வே சமிக்ஞைகளிலும், தொலைபேசி நிலையங்களிலும் அது உலகமெங்கும் பரவிற்று. கோலாலம்பூரையும் கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடாவையும் இணைத்து 1886 இல் திறக்கப்பட்ட சிலாங்கூரின் முதல் இரயில் பாதையினால் வளர்ந்த ஊர் நமது பிரிக்பீல்ட்ஸ். தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த இரயில்வே ஊழியர்களின் குடியிருப்புக்களைக் கொண்டு விளங்கிய அவ்வூராருக்கு ரிலேயின் தத்துவத்தை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. சமிக்ஞை அறையிலிருப்பவர் நெம்புகோலை இழுத்துக் கைகாட்டியை இறக்குகிறார், இரயில் புறப்படுகிறது, அவர் இரயிலை இழுப்பதில்லை.

மோட்டார் வண்டியில் இன்று பயன்படும் ரிலே தீப்பெட்டியளவே உள்ளது. சில ரிங்கிட்டுக்கு எந்த உதிரிப்பாகக் கடையிலும் கிடைக்கிறது. அதன் அடியில் நான்கு முனைகள். அவற்றில் ஜெர்மானிய முறைப்படி 30, 85, 86, 87 என்று எண்கள் பொறித்திருக்கும். 85க்கும் 86க்கும் இடையே மின்காந்தச் சுருள்; அதன் தடை ஏறத்தாழ 80 ஓம்; ஆகவே அது இழுப்பது 0.15 ஆம்பியர் மட்டுமே. 30க்கும் 87க்கும் இடையேயுள்ள தொடுமுகமோ 30 ஆம்பியரைச் சுகமாகத் தாங்கும். சாவி தரவேண்டிய 11 ஆம்பியர் இதனால் 0.15 ஆகச் சுருங்கிவிடுகிறது. முன்பு கூறிய 0.08 ஓம் தடையுள்ள தேய்ந்த சுவிட்ச்கூட இந்தச் சிறு சுமையைச் சேர்த்துக்கொண்டதை உணராது.

இணைக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பாட்டரியிலிருந்து நேராக ஸ்டார்ட்டர் சுவிட்சுக்கு வரும் தடித்த வயரின் முனையிலிருந்தோ, பழுப்பு வயர்கள் சேரும் இடத்திலிருந்தோ புதிதாக ஒரு தனி வயரை எடுக்க வேண்டும். எடுத்த இடத்திலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் அதற்கு ஒரு ஃபியூஸ் வைக்க வேண்டும். ஃபியூஸ் காப்பது சாதனத்தையன்று, வயரை. ஆகவே வயர் தொடங்கும் இடத்திலேயே அது இருத்தல் அவசியம். அங்கிருந்து ரிலேயின் 30 ஆம் முனைக்கு. 87 ஆம் முனையிலிருந்து ஒரு சிறிய ஃபியூஸ் பெட்டிக்கு. பெட்டியிலிருந்து ஒவ்வொரு சாதனத்துக்கும் அதனதன் அளவுக்கேற்ற தனித்தனி ஃபியூஸோடு. 86 ஆம் முனைக்கு, ஃபியூஸுக்கு முந்திய வெள்ளையிலிருந்து அல்லாமல், ஃபியூஸைக் கடந்த பச்சையிலிருந்து ஒரு மெல்லிய வயர், 85 மண்ணுக்கு. இவ்வளவே. மூலத்தின் பழைய கட்டில் ஒரு வயரையும் வெட்டவோ, தோலுரிக்கவோ தேவையில்லை. நாளைக்கே அனைத்தையும் கழற்றிவிட்டு வண்டியை அது பிறந்த நிலைக்குக் கொண்டுவர முடியும். பழமையைப் பேணுகிறவர்களுக்கு இந்தக் கடைசிக் குணமே முதன்மையாக இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ஃபியூஸைப் பற்றி ஓர் எச்சரிக்கை. லூகாஸின் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று எழுதியிருந்தால், அது அறுந்துபோகும் அளவைக் குறிக்கும். இடைவிடாமல் தாங்கும் அளவு அதில் ஏறத்தாழ பாதி, 17 ஆம்பியர்தான். இன்று கடைகளில் கிடைக்கும் தட்டை ஃபியூஸிலோ, அமெரிக்க முறைக் கண்ணாடி ஃபியூஸிலோ எழுதப்பட்டிருப்பது தாங்கும் அளவு. எண் ஒன்றாக இருக்கிறதே என்று பழையதற்குப் பதில் புதிய 35 ஐச் செருகினால், வயருக்குக் கிடைத்திருந்த பாதுகாப்பு பாதியாகிவிடும். வயரின் பருமனும் அவ்வாறே கணக்குக்குரியது. அக்காலத்துப் புத்தகங்களில் வயரைப் புரிகளின் எண்ணிக்கையால் குறித்தார்கள், 0.012 அங்குலப் புரி பதினான்கு கொண்டது சிறிய வேலைக்கு, இருபத்தெட்டு கொண்டது நடுத்தர வேலைக்கு. முன்னது இன்றைய அளவில் 1 சதுர மில்லிமீட்டர், பின்னது 2. ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 15 ஆம்பியரை 4 மீட்டர் தூரம் செலுத்தினால், வழியிலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் போய்விடும். வயர் கைக்குச் சுடும். இரண்டு சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பும் உஷ்ணமும் பாதியாகும்.

டைனமோ உள்ள வண்டிகளில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஆர்பி106 என்னும் லூகாஸ் கட்டுப்பாட்டுப் பெட்டியில் ‘ஏ’, ‘ஏ1’ என்று இரு முனைகள் இருக்கின்றன. பாட்டரி சேருவது ‘ஏ’யில்; வண்டியின் சாதனங்கள் மின்சாரம் பெறுவது ‘ஏ1’இல். சாதனங்களுக்குச் செல்லும் மின்சாரம் பெட்டியினுள்ளே ஒரு சுருளைச் சுற்றிச் செல்கிறபடியால், ரெகுலேட்டர் அச்சுமையைக் கணக்கில் வைத்து டைனமோ மிகைப்படாமல் காக்கிறது. பாட்டரி முனையிலேயே நேராகத் தொங்கவிடப்பட்ட பெரிய சுமை அந்தக் கணக்குக்குள் வராது. ஆகவே இத்தகைய வண்டிகளில் புதிய வயரை ‘ஏ1’ முனையிலிருந்து எடுப்பதே உத்தமம். அம்மீட்டர் உள்ள வண்டிகளிலும் இதுவே முறை. பாட்டரியில் நேராகச் சேர்த்த சாதனம் உண்ணும் மின்சாரத்தை, அம்மீட்டர் பாட்டரிக்குள் ஏறும் மின்சாரமாகவே காட்டி ஓட்டுநரை ஏமாற்றும்.

அடுத்து வருவது, நமது நாட்டில் பலர் பொருளை இழந்த இடம். 1960களின் பிற்பகுதி வரை பெரும்பாலான ஆங்கில வண்டிகளில் பாட்டரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு, அதாவது மண்ணோடு இணைக்கப்பட்டிருந்தது. இன்று உலகில் செய்யப்படும் ஏறக்குறைய எல்லாச் சாதனங்களும் எதிர்முனை மண்ணாக இருக்கும் என்று நம்பியே செய்யப்படுகின்றன. வானொலியின் உலோகப் பெட்டியும், மின்னூட்டியின் வெளி உறையும் எதிர்முனையோடு சேர்ந்தவை. நேர்முனை மண்ணான வண்டியில் வயர்களை மாற்றிக் கொடுத்து இவற்றை இயக்கிவிடலாம் என்று எண்ணி, அந்த உலோக உறை முன்பலகையின் இரும்பைத் தொடும்படி விட்டால், அதுவே முழுக் குறுக்கிணைப்பாகும். ரிலேயின் சுருளுக்குத் திசை வேறுபாடு இல்லை. ஆனால் சில ரிலேக்களினுள் ஒரு டையோடு வைத்திருப்பார்கள். அதை மாற்றி இணைத்தால் மின்சாரம் சுருளை விட்டு டையோடு வழியே பாய்ந்து ஃபியூஸை அறுக்கும். பீட்டில் வண்டியின் பழைய வகைகளிலோ 12 வோல்ட்டே இல்லை, 6 வோல்ட். அங்கே அதே வாட்டுக்கு இரு மடங்கு ஆம்பியர் வேண்டும் என்பதால், இதுவரை சொன்ன ஆபத்துக்கள் யாவும் மேலும் கூர்மை பெறுகின்றன. வோல்ட்மீட்டரை வைத்து எந்த முனை உடலைச் சேர்ந்தது, எத்தனை வோல்ட் என்று பார்க்காமல் எதையும் வாங்க வேண்டாம்.

ரிலே சுவிட்சைக் காப்பாற்றும். மின்சாரத்தை உற்பத்தி செய்யாது. மழை பெய்யும் மாலைப் பொழுதொன்றில் வண்டி உண்ணும் கணக்கைப் பாருங்கள். காயிலுக்கு 4 ஆம்பியர், முன்விளக்கு இரண்டுக்கும் 8 அளவில், பக்க விளக்குக்கும் பின் விளக்குக்கும் 2, துடைப்பானுக்கு 3, ஆக 17. மைனரின் டைனமோ முழு வேகத்தில் தருவது 20 ஆம்பியர் சுமார். மிஞ்சுவது மூன்று. அதில் குளிர்சாதன ஊதுவிசிறி ஒன்று பத்து ஆம்பியரைக் கேட்டால் பாட்டரிதான் கடன் கொடுக்க வேண்டும். அந்த 20 ஆம்பியரும் வண்டி விரைந்து ஓடுகையில் மட்டுமே. கூட்டரசு நெடுஞ்சாலையில் மாலை ஐந்தரை மணிக்குப் பிற்பாடு கிள்ளானை நோக்கி வண்டிகள் அடியடியாக நகரும்போது, எஞ்சின் மந்தமாகச் சுழல, டைனமோ அறவே ஒன்றும் தருவதில்லை. சிவப்பு எச்சரிக்கை விளக்கு மினுங்குவது அதற்கு அடையாளம். இங்கிலாந்தின் திறந்த கிராமச் சாலைகளுக்கென்று எண்ணிச் செய்யப்பட்ட யந்திரம், இந்நெரிசலை அறியாது. ஆகவே துணைச் சாதனங்களைச் சேர்க்குமுன் காகிதத்தில் கூட்டிப் பார்ப்பது கடமை. கைத்தொலைபேசிக்கும் காமிராவுக்கும் ஒன்றிரண்டு ஆம்பியர் போதும், அவற்றை ஏற்கலாம். அதற்கு மேல் போவதானால் டைனமோவை நீக்கி, மந்த வேகத்திலும் மின்சாரம் தரவல்ல ஆல்டர்னேட்டரை அமைத்துக்கொள்வதே நேர்மையான வழி. அப்போது நேர்முனை மண்ணையும் எதிர்முனைக்கு மாற்ற வேண்டி வரும். மூலத்தின் உருவம் சிறிது மாறத்தான் செய்யும். தினந்தோறும் ஓட்டப்படும் வண்டிக்கு அந்த மாறுதலை நான் குறையாகக் கருத மாட்டேன்.

சாவியைத் திருகி வைத்து எஞ்சினை ஓட்டாமல் அமர்ந்திருக்கும் வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்துமலைத் தைப்பூசத்தின்போது குடும்பத்தார் திரும்பி வரும்வரை வண்டியிலேயே காத்திருந்து வானொலி கேட்பவர்கள் எத்தனையோ பேர். பழைய முறை எரிபொறி அமைப்பில், எஞ்சின் நின்ற நிலையில் பாயிண்ட், அதாவது காயிலின் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் தொடுமுகம், மூடியிருந்தால், காயிலின் வழியே 4 ஆம்பியர் இடையறாது ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு மணி நேரத்தில் காயில் கொதிக்கும், உள்ளேயுள்ள காப்புப் பொருள் கெடும், பாயிண்ட்டும் கருகும். வானொலிக்கும் விசிறிக்கும் காயிலை விட்டு விலகிய ஒரு தனி சுவிட்ச் வைத்து, அதன் மூலம் ரிலேயின் சுருளை இயக்கிக்கொள்ளலாம். இறங்கும்போது அதை நிறுத்த மறவாதிருக்கும் பொறுப்பு அப்போது நம்முடையது.

மற்றொரு விசித்திரமும் உண்டு. ரேடியேட்டருக்கு மின்விசிறி அமைத்து அதை வெள்ளை வயரில் சேர்த்தவர்கள், சாவியை அணைத்த பின்னும் எஞ்சின் சில கணங்கள் ஓடுவதைக் கண்டு திகைப்பார்கள். சுழலும் மோட்டார் மின்சாரம் நின்றதும் தானே ஒரு டைனமோவாகி, அதே வயர் வழியே காயிலுக்குச் சக்தியைத் திருப்பி அனுப்புவதே அதன் ரகசியம். விசிறியை ரிலேயின் 87 இல் சேர்த்துவிட்டால் அந்த வழி அடைபடும்.

ஊரின் சீதோஷ்ணத்தை மறந்து வயர் போடலாகாது. வருஷம் முழுதும் ஈரம் நிறைந்த காற்று. துறைமுகத்தை அண்டிய கிள்ளானில் அதனோடு உப்பும் கலந்திருக்கிறது. வயரை வெட்டாமல் பல்லால் கடித்தாற்போல் இணைக்கும் நீல நிறப் பிளாஸ்டிக் இணைப்பான்கள் இங்கே சீக்கிரமே உள்ளுக்குள் பச்சைக் களிம்பு பூத்துவிடுகின்றன. அவற்றை நான் எவருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். முறையான கருவியால் நெருக்கிய முனைகளும், வெப்பத்தில் சுருங்கும் உறையும் நெடுநாள் உழைக்கும். பருத்தி நூல் பின்னிய ரப்பர் உறை வயர்கள் இன்னும் இருக்கும் வண்டியாயின், அவற்றை அசைத்தாலே ரப்பர் பொடியாக உதிரும். அந்நிலையில் துணைச் சாதனத்தை எண்ணுமுன் முழுக் கட்டையும் புதுப்பிப்பதே தகும். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா முதலிய இடங்கள் வெள்ளத்தில் மூழ்கியதைப் போன்ற ஆபத்துக்கு உள்ளான வண்டிகளிலும், உலர்ந்துவிட்டது போல் தோன்றும் வயர்க் கட்டினுள்ளே புரிகளின் வழியே நீர் ஏறி அரித்திருக்கக்கூடும். வெளிவிளக்கு, ஹாரன் ஆகியவற்றைக் கூட்டும்போது 1959 ஆம் ஆண்டின் மோட்டார் வாகன அமைப்பு, உபயோக விதிகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பொருள்கள் கிடைக்கவில்லை என்று சோர்வடையத் தேவையில்லை. சென்னையை அடுத்த பாடியில் 1961 இல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலை, பர்மிங்ஹாமின் வித்தையைத் தமிழ்நாட்டில் வேரூன்றச் செய்தது; மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்த அம்பாசிடர் கார் 2014 வரை வங்காளத்தில் உற்பத்தியாயிற்று. ஆகையால் லூகாஸ் முறையை அறிந்த கைகளும், அதற்கேற்ற உறுப்புக்களும் இந்தியாவில் நெடுங்காலம் நீடித்தன.

வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். புதிதாகப் போடும் வயர்களுக்கும் பழைய வண்ண நியதியையே கைக்கொள்ளுங்கள். ஃபியூஸைக் கடந்து, சாவியை அனுசரித்து வருவது பச்சையாகவே இருக்கட்டும். செய்த வேலையை ஒரு தாளில் படமாக வரைந்து, ஃபியூஸ்களின் அளவையும் குறித்து, வண்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். உங்களுக்குப் பின் அந்த வண்டியைத் தொடப்போகும் மகனோ, மகளோ, எலக்டிரீஷியனோ அதைப் பார்த்து வேலை செய்யட்டும். வேலையைத் தொடங்குமுன் பாட்டரியில் மண்ணோடு சேர்ந்த முனையை முதலில் கழற்றுங்கள். முடிந்த பின் அதனைக் கடைசியாகப் பூட்டுங்கள். பழைய ஆங்கில வண்டிகளில் அது பெரும்பாலும் நேர்முனையாகவே இருக்கும்.